ஒரு நாளைக்கு எட்டுத் தடவை

ஆறு வாரமாக ஒரே மனிதரின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். டீச்சருக்கும் ஆகியிருந்தது. அதனால்தான் அன்று காலை குளியலறையிலிருந்து வந்த இருமல் பாதியில் அறுந்து நின்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. இருமலை யாராவது பாதியில் நிறுத்துவார்களா?

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. புரை ஏறிடுச்சு."

வாயில் எதுவுமே இல்லாத மனிதருக்குப் புரை ஏறியதாம். புளுகுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவருக்கு என்றைக்குமே வந்ததில்லை.

தெருவில் அவரை 'பீரோ' என்றால்தான் தெரியும். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் சாமான் தூக்கியவர். இரும்புப் பீரோ ஒன்றைத் தனி ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். தன் கையில் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை, ஒரு மூலை இடித்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போகட்டும், அவரிடம் இருந்த தலைக்கனம் அது ஒன்றுதான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். நான்கு வருடத்துக்கு முன் முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று, கூடவே இரண்டு கால்களும் செயலற்றுப் போயின.

அன்றிலிருந்து வேலையை விட்டுவிட்டு, வீட்டோடு இருந்து அவளைத் தூக்குவது அவர்தான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து திரும்ப நாற்காலிக்கு, மதியம் கொஞ்சம் படுக்க, மறுபடி எழுந்திருக்க என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. கணக்கு டீச்சர் ஆயிற்றே, எண்ணாமல் இருப்பாளா? தன் முழங்கால்களால் அவள் முழங்கால்களை முட்டுக்கொடுத்து, அவள் கைகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, "ரெடியா?" என்பார். "ரெடி" என்பாள். அவ்வளவுதான், நாற்காலியில் இருப்பாள். சில நாள், "இந்தப் பீரோவுக்குள்ள என்னதான் வச்சிருக்காங்க, இந்தக் கனம் கனக்குது?" என்று கேட்பார். "எல்லாம் நீங்க படிக்காம விட்ட கணக்குதான்" என்று அவளும் விடமாட்டாள். காலில்லாத வருடங்கள் என்று மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளைக் கேட்டால், அவரோடு அதிகம் சிரித்தது அந்த வருடங்களில்தான்.

மாதம் ஒருமுறை அவளைப் பார்க்க வரும் டாக்டரம்மாவிடம் அன்றைக்கே போட்டுக்கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா அவர் வலது விலாவில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தியதுதான் தாமதம், மனிதர் குதிகாலைத் தூக்கிவிட்டார். படம் எடுத்துப் பார்த்ததில் ஏழாவது விலா எலும்பில் விரிசல்.

"இருமியே எலும்பு விரியுமா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டாள்.

"ஆறு வாரம் இருமினா விரியும். பயப்பட ஒண்ணுமில்ல, தானா கூடிடும். இருமல் வந்தா தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமுங்க, வலி குறையும். சாய்ஞ்ச மாதிரி படுங்க. வலிச்சாலும் பரவாயில்ல, மணிக்கு ஒரு தடவை பத்து மூச்சு ஆழமா இழுத்து விடணும். நெஞ்சைச் சுத்தி எதையும் இறுக்கிக் கட்டாதீங்க. கட்டினா மூச்சு மேலோட்டமா போகும், சளி அடியில தங்கி நுரையீரல் கெட்டுடும்." கடைசியாக அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணி கூட."

அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்பதற்கு அவர் அப்படித்தான் ஆட்டுவார்.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு விஷயம் போனது. அவள் உடனே ஓர் உதவிப் பெண்ணை ஏற்பாடு செய்தாள். "அதுவும் சரிப்படலைன்னா அம்மாவை இங்க காப்பகத்துல சேர்த்துடலாம்பா. தூக்குறதுக்கு மெஷினே இருக்கு" என்று போனில் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் டீச்சருக்கு மனசு ஒப்பவில்லை. இந்த அறையை விட்டு, இந்த ஜன்னலை விட்டு, இந்த மனிதரை விட்டுப் போவதா? எது வந்தாலும் சரி, அது மட்டும் வேண்டாம் என்று கடவுளிடம் பேரமே பேசினாள்.

உதவிப் பெண் மூன்று நாள் வந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் அவள் டீச்சரின் அக்குளில் கை கொடுக்கும்போதெல்லாம் இவர் வாசற்படியில் நின்று, "முட்டியை மடக்கும்மா, முதுகுல வாங்காத, எடையைக் காலுக்குக் கொண்டு வா" என்று பாடம் நடத்தினார். மூன்றாம் நாள் கழிப்பறைக் கதவில் டீச்சரின் முழங்கை லேசாக உரசிவிட்டது. அவ்வளவுதான், அந்தப் பெண்ணை ஓரங்கட்டிவிட்டுத் தானே தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியதில் அவர் தாடை நடுங்கியது டீச்சரின் கன்னத்தில் தெரிந்தது. மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. வேண்டாமென்று இவரே சொல்லிவிட்டாராம்.

நாலைந்து நாள் கழித்து, தூக்கும்போது அவள் கை அவர் முதுகில் சறுக்கியது. சட்டைக்குள் ஏதோ இரும்பு தட்டுப்பட்டது.

"சட்டையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க."

தூக்கினார். பீரோவைச் சுற்றிக் கட்டித் தோளில் மாட்டித் தூக்கும் பழைய கித்தான் பட்டையை நெஞ்சைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, இரும்புக் கொக்கியை முதுகுப்பக்கம் மாட்டியிருந்தார். தோலில் சிவப்பாக வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது.

"பீரோ கதவு ஆடினா என்ன பண்ணுவோம்? பட்டை போட்டு இறுக்குவோம். ஆடாது. இதுவும் அதே மாதிரிதான்" என்று விளக்கம் வேறு சொன்னார். "இப்ப வலியே இல்ல தெரியுமா?"

"ஊர் கூப்பிடுதுன்னா நிஜமாவே பீரோன்னு நினைச்சுட்டீங்களா? டாக்டர் என்ன சொன்னாங்க? மூச்சு எங்க போகும்?"

"மூச்சு அதுபாட்டுக்குப் போகுது" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

அவள் முன்னால் கழற்றிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் மறுபடி மாட்டிக்கொண்டார். கால் இருந்தாலல்லவா பின்னாலேயே போய்ப் பார்க்க முடியும்? கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள், ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தாள். அந்த மனிதர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒரு கணக்கு தோன்றியது. கழிப்பறைக்குப் போகாவிட்டால் தூக்க வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் கழிப்பறைக்குப் போக வேண்டியதில்லை. காலையில் அவர் ஒரு பெரிய ஜாடித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவார். அரை டம்ளரைக் குடித்துவிட்டு மீதியை ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். எட்டு ஐந்தாயிற்று. ஒரு வாரத்தில் ஐந்து நான்காயிற்று. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது, தலை கிறுகிறுத்தது, அடிவயிற்றில் எரிச்சல். ஆனால் அவர் நான்கு முறைதான் முகம் சுளித்தார். இவ்வளவு சுலபமான விடை எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போனது என்று தன்னையே மெச்சிக்கொண்டாள், பைத்தியக்காரி.

"செடி தளதளன்னு வருதே" என்றார் அவர் ஒரு நாள்.

"வெயில் நல்லா படுதுல்ல" என்றாள்.

பத்தாம் நாள் மதியம் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது அவளுக்கு நினைவில்லை. அவர் கத்தியது மட்டும் நினைவிருந்தது. கழுத்தைப் பிடிக்கக் கை இல்லாமல், "ரெடி" சொல்ல வாய் இல்லாமல், துவண்டு கிடந்தவளைத் தரையிலிருந்து தனி ஆளாகத் தூக்கியிருக்கிறார். தூக்கிக் கட்டிலில் போட்டும் விட்டார். அதற்குப் பிறகுதான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கத்தல் கேட்டு வந்த பக்கத்து வீட்டார் இருவரையும் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சிறுநீர்த் தொற்று என்றார்கள். உடம்பில் சொட்டு நீர்ப்பசை இல்லை, தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டரம்மா திட்டினார். அவருக்கு இன்னொரு விலாவும் விரிந்திருந்தது. பட்டை போட்டு இறுக்கியதில் நுரையீரலின் அடியில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டிருந்தது.

தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி அவர் மெல்ல நடந்து வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் செடிக்குத்தான் ஊத்தினியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் வலியைக் காட்டாம தூக்கியிருந்தா நீ தண்ணி குடிச்சிருப்ப" என்றார். "என் தப்புதான். இனிமே முகத்துல காட்ட மாட்டேன் பாரு."

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு எல்லாம் புரிந்து போயிற்று. இந்த மனிதர் திருந்த மாட்டார். அவள் அவர் கண்ணெதிரே இருக்கும்வரை தூக்கிக்கொண்டேதான் இருப்பார். உதவிக்குப் பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேரையும் ஓரங்கட்டிவிட்டு இவர்தான் வந்து குனிவார். செத்தாலொழிய விடமாட்டார்.

வீடு திரும்பிய இரண்டாம் நாள் மகள் வந்தாள். காப்பகத்தில் இடம் கேட்டு வைத்திருந்தாள். "இன்னொரு தடவை தூக்கினா உடைஞ்ச எலும்பு நுரையீரலைக் குத்தினாலும் குத்தும்னு டாக்டர் சொல்றாங்கப்பா" என்று கெஞ்சினாள்.

"டாக்டர் எதையாவது சொல்வாங்க. உங்கம்மா எங்கயும் வர மாட்டா. நான் இருக்கேன்ல. இத்தனை வருஷத்துல ஒரு சாமானைக் கீழ போட்டிருக்கேனா?" என்று அவர் இருமலுக்கு நடுவே சொல்லிவிட்டு, "சொல்லேன் அவகிட்ட" என்பது போல டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் சுவரைப் பார்த்தாள். என்ன சொன்னால் இவர் கையை எடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு எங்கே அடித்தால் விழுவார் என்றா தெரியாது?

"நான் போறேன்" என்றாள்.

"என்ன?"

"காப்பகத்துக்கே போறேன். அங்க மெஷின் இருக்காம். எனக்கு நீங்க தூக்குறது பிடிக்கல. என்னிக்குமே பிடிச்சதில்ல. சாமானைத் தூக்குற மாதிரி தூக்குறீங்க. ஒவ்வொரு தடவையும் எங்க கீழ போட்டுடுவீங்களோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அம்மா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. தண்ணி குடிக்காம கிடந்தது உங்க வலிக்காகன்னா நினைச்சீங்க? நீங்க என்னைத் தொடக் கூடாதுன்னுதான் குடிக்கல."

அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும், பதிலுக்குக் கத்தி இதை முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"எங்கயாவது வலிச்சுதா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இருக்கவில்லை.

"ஆமா. வலிச்சுது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். கோபமே இல்லை குரலில். "நாலு வருஷமாவா பொறுத்துக்கிட்டு இருந்த?"

மறுநாள் காலையே காப்பகத்து வண்டி வந்தது. சீருடை போட்ட இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். மகள் துணிப்பையோடு முன்னால் நின்றாள். அவர்கள் கட்டிலருகே போனதும் அவர் ஓரடி முன்னால் வந்தார், உடனே ஏதோ ஞாபகம் வந்தவர்போல் பின்வாங்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். இருமல் வந்தது. தலையணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்கவில்லை, கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை.

"பாத்துத் தூக்கும்மா" என்றார் அந்தப் பெண்களிடம். "எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல. நான் தூக்கினா அவங்களுக்கு வலிச்சிருக்கு."

டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், அவர் வந்து தூக்கிவிடுவார்.