ஏழாம் நம்பர் கன்றுக்குட்டி

ஏழாம் நம்பர் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது ஜட்ஜய்யா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நல்லவேளை, காரில் வேறு யாரும் இல்லை. அடுத்து ஓட்டக் கற்க வருபவருக்காக மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தனக்கென்று இடப்பக்கம் வைத்திருந்த தனி பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, போட்டிக்கு வந்த காதல் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 'சும்மா பாடுவோம்' என்ற வாட்ஸாப் குழு அது. நடத்துகிறவர் மருந்துக்கடைக்காரர். பாடுகிறவர்கள் அவருக்கு அனுப்புவார்கள். அவர் பெயரை எடுத்துவிட்டு நம்பர் போட்டுக் குழுவில் ஏற்றுவார். தீர்ப்பு மட்டும் இவருடையது. பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஜெயித்தவருக்கு எல்லாரும் கைதட்டும் பொம்மை அனுப்புவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பகலெல்லாம் "கிளட்ச மெதுவா விடுங்க" என்று சொல்லித் தொண்டை வறண்ட மனிதருக்கு, முன்பின் தெரியாதவர்கள் தன் ஒரு வரிக்காகக் காத்திருப்பது கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்தது. ஜட்ஜய்யா என்ற பெயரைக் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் நம்பர் ஒரு பெண்குரல். இளம் குரல் இல்லை. ஆனால் சுருதி விலகாத, அலட்டிக்கொள்ளாத குரல். முதல் சரணம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். இரண்டாவதில் பின்னாலிருந்து ஏதோ ஒன்று "ம்ம்மே" என்று இழுக்க ஆரம்பித்தது. தாளத்தோடும் சேராமல், சுருதியோடும் சேராமல், மூக்கும் தொண்டையுமாக ஒரு சத்தம். அந்தப் பெண் நிறுத்தவில்லை. குரல் மட்டும் அந்த இடத்தில் நடுங்கியது. அதற்கும் சேர்த்து மதிப்பெண்ணைக் குறைத்தார். பிறகு, எழுதி அழித்து, அழித்து எழுதி, இப்படி அனுப்பினார்: 'குரல் அருமை. ஆனால் இரண்டாவது சரணத்தில் ஒரு கன்றுக்குட்டியும் காதலிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த முறை அதைக் கட்டிப்போட்டுவிட்டுப் பாடவும்.'

குழு சிரித்து உருண்டது. கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் வரிசை வரிசையாக வந்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் போனை நீட்டினார். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, படித்து, பாட்டையும் முழுக்கக் கேட்டாள். சிரிக்கவில்லை.

"கன்னுக்குட்டி இல்லீங்க அது. யாரோ ஆளு."

"ஆளுன்னா இன்னும் மோசம்" என்றார் ஜட்ஜய்யா. அதையும் குழுவில் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். அவள் மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். ஏழாம் நம்பர் மறுபடி பாடி அனுப்பலாமா என்று கேட்கிறார்களாம். "அனுப்பட்டுமே. நாம என்ன கோர்ட்டா நடத்துறோம்?" என்று இவர் பெருந்தன்மையாகச் சொன்னார். புதுப் பாட்டு வந்தது. பிசிறே இல்லை, பின்னால் ஒரு சத்தமும் இல்லை. முதல் பரிசை அதற்கே கொடுத்து, 'சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொண்ட பாடகிக்குப் பாராட்டுகள்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அந்த வாரக் கடைசியில், காலை வகுப்புக்கு ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். வீட்டில் உடம்பு சரியில்லை, அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லித்தான் சேர்ந்திருந்தார். யாருக்கு, என்ன என்று இவர் கேட்டதில்லை. அவரும் "சரிங்க சார்" என்பதைத் தாண்டி வண்டிக்குள் பேசியதில்லை. அன்று பெரிய சாலையில் மூன்றாவது கியருக்கு வந்ததும் தானாகவே வாயைத் திறந்தார்.

"பரிசு குடுத்ததுக்கு ரொம்ப நன்றி சார். குழுவுல உங்க போட்டோவப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஏழாம் நம்பர் நாந்தான்."

"அட! சொல்லவே இல்லையே நீங்க!" ஜட்ஜய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, அந்தச் சத்தத்த எடுத்ததும் பாட்டு எங்கயோ போயிடுச்சு."

அந்தப் பெண்மணி கண்ணாடியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், இவர் சொல்லிக்கொடுத்தபடியே.

"அது எங்க வீட்டுக்காரர் சார். பக்கவாதம் வந்ததுலருந்து வாயில ஒரு வார்த்தை வரல. அன்னிக்கு நான் பாடப் பாட அவராவே சேந்துக்கிட்டாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. நிறுத்தினா அவரும் நிறுத்திடுவாரோன்னு அப்படியே பாடி முடிச்சேன். எல்லாரும் கேக்கட்டும்னுதான் அனுப்பினேன்."

ஜட்ஜய்யா அவர் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு... நான் எழுதினது..."

"போன் அவர் மடியிலதான் இருந்துச்சு. பேச்சுதான் வராது சார், படிப்பாரு." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "மறுபடி பாட உக்காந்தப்ப, கதவச் சாத்திக்கோன்னு அவரே கையக் காட்டினாரு. அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

வண்டி நடுச்சாலையில் குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. பெண்மணி பதறிப்போனார்.

"நான் என்ன தப்பு பண்ணேன் சார்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். தன் கால்தான் பிரேக்கை மிதித்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இந்தப் பெண்மணி இவரைத் திட்டியிருக்கலாம். நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "வண்டிய உங்க வீட்டுக்கு விடுங்க" என்றார்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில், சுத்தமாகச் சவரம் செய்த முகத்தோடு பெண்மணியின் கணவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. "நாந்தாங்க அந்த ஜட்ஜு. தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்று ஜட்ஜய்யா நின்றபடியே சொன்னார். தெரியாமல் என்பது முழு உண்மை இல்லை. ஆள் என்று மனைவி சொன்ன பிறகும் கேலி செய்தவர்தானே. அந்த மனிதர் வாய் ஒரு பக்கமாகக் கோண, மரியாதையாகப் புன்னகைத்தார். இடது கையால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பெண்மணி காபி போட உள்ளே போனார். மன்னிப்புக் கேட்டாயிற்று, அவர் மன்னித்தும் ஆயிற்று, ஆனால் அந்த அறையில் எதுவும் சரியாகவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் ஜட்ஜய்யா அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தார். குழுவில் ஒருநாளும் பாடியவர் இல்லை. தன் குரல் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். பல்லவியிலேயே சுருதி காலை வாரியது. முதல் சரணத்தில் ஒரு வரி மறந்துபோய், முந்தைய வரியையே இன்னொரு தடவை பாடினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெண்மணி வாசற்படியில் வந்து நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. இரண்டாவது சரணத்துக்கு வந்தார்.

சக்கர நாற்காலியிலிருந்தவரின் கண்கள் கலங்கின. சேர்ந்து பாட மூச்சிழுத்ததுபோல மார்பு ஒருமுறை விரிந்தது. உடனே இடது கையைத் தூக்கி, வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பையனைப்போல, தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டார். ஜட்ஜய்யா பாடிக்கொண்டே இருந்தார். அந்தக் கைக்குக் கீழே தொண்டைக்குழி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.