உயிர் இருக்கும்போதே

பிள்ளை பெற்ற உடம்புக்கு நாட்டுக்கோழிச் சாறு கொடுக்காமல் முடியுமா? சாறு இல்லாமல் சமாளிக்கலாம் என்ற பேச்சே ராபியாவுக்குப் பிடிக்காது. தாயில்லாத தங்கை அஃப்ஷா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்றதுமே, மும்பை தாராவி வீட்டுச் சமையல்கட்டுக்கு மேல் பலகை அடித்துக் கோழிகளை வாங்கி விட்டுவிட்டாள். தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாதவள். தங்கை மகன் பிறந்த நாளிலிருந்து அவனை வேறு யார் கைக்கும் விடவில்லை, பெற்றவளிடம் பால் குடிக்கக் கொடுப்பதே ஏதோ தயவு போல.

செம்பூர்ப் பக்கம் காக்கைகள் செத்து விழுவதாகப் பேச்சு அடிபட்டது. காக்கை செத்தால் நமக்கென்ன என்று ராபியா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் சிவப்புக் கோழி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கொண்டை நீலம் பாய்ந்திருந்தது. ராபியாவுக்குப் பதறிவிட்டது, நோயை நினைத்தல்ல. தானாகச் செத்துவிட்டால் ஹராம், தின்னக் கூடாது, ஆசையாய் வளர்த்தது குப்பைக்குப் போகும்.

"ஏங்க, வெரசா வாங்க! உயிர் இருக்கும்போதே அறுத்துருங்க."

கணவர் கரீம் பாட்சா பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சீக்குக் கோழி மாதிரில்லா இருக்கு?" என்றார்.

"அதுக்குத்தான வெரசாங்கேன்!"

அவர் பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். ராபியா வெறுங்கையால் இறகு பிய்த்தாள், குடல் எடுத்தாள். நடுவில் பிள்ளை வீரிட்டு அழுதான். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அவனை அள்ளி, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினாள். அவன் அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

அஃப்ஷா சாறு குடித்த அடுத்த சில நாட்களில் மற்றக் கோழிகளும் செத்தன. கரீம் பாட்சா அவற்றைப் பையில் சுருட்டிக் குப்பையில் போட்டார். அதன்பின் ராபியாவுக்குக் காய்ச்சல் அடித்தது. கண் சிவந்து, இருமல் நெஞ்சைப் பிளந்தது.

முகமூடி போட்ட சுகாதாரப் பெண் ஒருத்தி வீடு வீடாக வந்துகொண்டிருந்தாள். வீட்டில் கோழி வளர்த்தீர்களா, ஏதாவது செத்ததா என்று இந்தியில் விசாரிப்பது பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது.

"இல்லன்னு சொல்லிரு. ஆஸ்பத்திரில கொண்டு அடைச்சுருவாங்க" என்று கரீம் பாட்சா கிசுகிசுத்தார்.

ராபியா உள்ளே பார்த்தாள். அஃப்ஷா மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லிவிட்டால், அவனுக்கும் தொற்றியிருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? வாசலுக்குப் போய், தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கொதித்த சாற்றால் பயமில்லை, இறகு பிய்த்த கைதான் பயம் என்றாள் அந்தப் பெண். "அதுக்கப்புறம் குழந்தையைத் தொட்டீங்களா?"

தூக்காத நேரம் எது? ராபியா ஆமென்று தலையசைத்தாள். ராபியா உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், பிள்ளைக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், ஆனால் அவன் வேறு வண்டியில், தாயோடு வரட்டும் என்றாள் அந்தப் பெண்.

ராபியா செருப்பை மாட்டும்போது அஃப்ஷா அக்காவைத் தேடி அழுதுகொண்டே பிள்ளையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "லாத்தா, ஒரு தடவ மொகத்த பாத்துட்டுப் போ."

விழித்துக்கொண்ட பிள்ளை ராபியாவைக் கண்டதும் கையைக் காலை உதறினான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள்.

"கிட்ட வராதட்டி. கதவச் சாத்து."