சமர்த்தாயிரு பொட்டலம்

நேற்றுவரை நன்றாக இருந்த யூசியூவின் போன் காலையில் பொட்டென்று செத்துப்போனது. புருஷன் சிங்ஃபாவையும் இழுத்துக்கொண்டு தைச்சுங் நகர சர்வீஸ் சென்டருக்கு ஓடினாள்.

போனைப் பிரித்துப் பார்த்த இளைஞன், "போர்டு போயிருச்சுக்கா. வாரண்டி இருக்கு, சும்மாவே மாத்தித் தர்றேன்" என்று அவள் வயிற்றில் பாலை வார்த்தான்.

அதைக் கணினியில் பதிய உட்கார்ந்தான், திரை இருண்டது. என்ன தட்டியும் அசையவில்லை. கணினிப் பெட்டியின் தலையைப் பார்த்தவனுக்குத் திக்கென்றது. இயந்திரங்கள் அடம்பிடிக்காமல் இருக்க அந்த ஊரே அவற்றின் மேல் காவலுக்கு வைக்கும், 'சமர்த்தாயிரு' என்றே பெயர்கொண்ட பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைக் காணோம்!

"இங்க இருந்த பச்சைப் பொட்டலம் எங்க?"

பின்னாலிருந்து வந்த மொறுமொறு சத்தம் சட்டென்று நின்றது. எல்லோரும் சிங்ஃபாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேதி முடிஞ்சிருந்துச்சு தம்பி. இனிமே அதுக்கு ஏது சக்தின்னு..."

யூசியூ தலையில் அடித்துக்கொண்டாள்.

இளைஞன் பெருமூச்சு விட்டான். "போனுக்கு வாரண்டி இருக்குக்கா. அண்ணனுக்கு?"

"அது கல்யாணத்தன்னிக்கே முடிஞ்சுபோச்சு தம்பி. இருந்திருந்தா முதல்ல இவரையில்ல மாத்தியிருப்பேன்!"