அவர் எங்கே என்ற கேள்வி

பஹ்மிதா அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு தொடர்மாடி. அதில் நான்காம் மாடி. மட்டக்குளியில் விடியற்காலை பஸ் ஏறி, இடையில் ஒரு தடவை மாறி, ஏழரைக்கு வந்துவிடுவாள். அவள் வந்ததும் இரவுக்கு நிற்கும் பெண் போய்விடுவாள். அதன் பிறகு மாலை வரை சிவமணி இவள் பொறுப்பு.

சிவமணிக்கு எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் அரசாங்கத் திணைக்களமொன்றில் தமிழ்ச் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். ஞாபகம் குறையத் தொடங்கி ஆறு வருடமாகிறது. மகனின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. கணவர் பாலசுந்தரத்தை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. அவர் இறந்ததைத்தான் மறந்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரி வார்ட்டில், மனைவி கையைப் பிடித்திருக்கும்போதே போனவர் அவர்.

தினமும் இரண்டு மூன்று தடவையாவது சிவமணி கேட்பார், இவர் எங்கே என்று. பஹ்மிதா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்பாள். விளைமீன் கிடைத்தால் வாங்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சிவமணி பேசாமல் இருந்துவிடுவார். பஹ்மிதாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுவார். அவளுடைய கையிலிருந்துதான் மருந்துக் குளிசையும் வாங்குவார்.

மகன் பிரியந்தன் நரம்பியல் நிபுணர். மூளையும் முதுமையும் பற்றி அவர் எழுதிய பதினேழு கட்டுரைகள் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வந்திருந்தன. முதியோரைப் பராமரிப்பது எப்படி என்று வகுப்பெடுக்க அவரை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். மனைவி சுபோதினியோடு தெஹிவளையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தாயின் நகத்தை அவர்தான் வெட்டிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கட்டுப் படிவத்தோடு வந்தார். பஹ்மிதாவை இருக்கச் சொல்லி, புதிய ஆய்வைப் பற்றி விளக்கினார். ஞாபகம் இழந்தவர்களுக்குப் பராமரிப்பாளர்கள் பொய் சொல்கிறார்கள். அது தேவையா? ஒரு துக்கச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னால், கேட்டது மனதில் நிற்காவிட்டாலும் மூளை மெல்லப் பழகிக்கொள்ளும், அழுகை குறைந்துகொண்டே வரும் என்பது அவருடைய எண்ணம். அதை நிரூபித்தால் இனி எந்த வீட்டிலும் பொய் வேண்டாம். ஆறு வீடுகளில் ஆறு வாரம் செய்கிறார்கள். அதில் ஒன்று இந்த வீடு.

ஆய்வாளரின் சொந்தக்காரரைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் பாதுகாவலர் என்ற இடத்தில் சுபோதினி தன் கல்யாணத்துக்கு முந்திய பெயரில் கையெழுத்து வைத்திருந்தாள். படிவத்தில் சிவமணி ஆறாம் இலக்கம்.

சொல்ல வேண்டிய வசனத்தையும் அவரே எழுதித் தந்தார்: "உங்கட கணவர் இறந்துபோயிட்டார். நாலு வருஷமாகுது." தவறிப்போனார், மோசம்போனார் என்றெல்லாம் சொல்லக் கூடாது, அது குழப்பும். சொன்ன பிறகு ஆறுதலோ வேறு பதிலோ சொல்லக் கூடாது. எத்தனை நிமிடம் அழுதார், சாப்பிட்டாரா என்பதை மட்டும் குறிக்க வேண்டும்.

பஹ்மிதா தன்னால் முடியாது என்றாள். அப்படியென்றால் வேறு ஒருவரை வைத்துச் செய்யலாம் என்றார் அவர், கோபமில்லாமல். புதிதாக வருகிறவளுக்குச் சிவமணியின் தொண்டையில் சோறு இறங்கும் விதம் தெரியாது. புரையேறினால் எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்றும் தெரியாது. அதை நினைத்துத்தான் அவள் படிவத்தை வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சிவமணி கேட்டார்.

"பிள்ளை, இவர் இன்னும் வரேல்லையே?"

பஹ்மிதா சொன்னாள். சிவமணி அவளுடைய வாயையே பார்த்தார். பிறகு, தனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டார். செத்த வீட்டுக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லையா, யார் கொள்ளி வைத்தது, தான் என்ன சேலை கட்டியிருந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பஹ்மிதா எதற்கும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தது. சிவமணியின் வலது கை விரல்கள் மடியில் எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தன. அதன் பிறகு அழத் தொடங்கினார். மணிக்கூட்டைப் பார்த்து இருபத்திரண்டு நிமிடம் என்று பஹ்மிதா குறித்தாள்.

மதியச் சாப்பாட்டின்போது மீண்டும் கேட்டார். மீண்டும் முதல் தடவையாகக் கேட்டார். அன்று மூன்று தடவை. அந்த வாரம் பதினாறு தடவை அவர் விதவையானார்.

அழுகை குறையவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு புதிய விஷயம் நடந்தது. காலையில் பஹ்மிதா உள்ளே வந்ததும் சிவமணி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தேநீரை நீட்டியபோது முகத்தைத் திருப்பினார். பஹ்மிதா குனிந்து, என்னம்மா என்று கேட்டாள்.

"உம்மைக் கண்டா எனக்கு நெஞ்சு பதறுது பிள்ளை. ஏன் எண்டு தெரியேல்ல," என்றார் சிவமணி. கோபமாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

பஹ்மிதா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொன்ன சொல் அந்த மனுஷியின் தலையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சொன்னவளின் முகம் மட்டும் எங்கேயோ போய்ப் பதிந்துவிட்டது.

அன்றே பிரியந்தனைப் போனில் எடுத்துச் சொன்னாள். அம்மா தன்னைக் கண்டால் பயப்படுகிறார், போதும் என்றாள். அவர் கவனமாகக் கேட்டார். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று விசாரித்தார். படிவத்தில் அதற்கு ஓர் இடமில்லை என்றும், நோய் முற்றும்போது இப்படிச் சந்தேகங்கள் வருவது இயல்பு என்றும் சொன்னார். நான்கு வாரம்தான் இருக்கிறது என்றார்.

மூன்றாம் வாரம் பஹ்மிதாவுக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை வர முடியவில்லை. பதிலுக்குப் பிரியந்தனும் சுபோதினியும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்கள். என்ன நடந்தது என்று பிறகு சுபோதினிதான் சொன்னாள், சமையலறையில், குரலைத் தாழ்த்தி. பதினொரு மணியளவில் மாமி மகனைப் பார்த்து, தம்பி, அப்பா எங்கேயடா என்று கேட்டாராம். படிவமும் பேனையும் மேசையில்தான் இருந்தன. பிரியந்தன் கொஞ்ச நேரம் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் அம்மா, இப்போது வந்துவிடுவார் என்றாராம். அந்த நாளின் கட்டத்தில் 'கேள்வி எழவில்லை' என்று எழுதி வைத்தாராம்.

பஹ்மிதா சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டே நின்றாள். இந்தக் கதையை ஏன் தனக்குச் சொன்னாள் என்று மட்டும் யோசித்தாள். மனதிலிருந்த பாரத்தை இறக்கிவிட்ட நிம்மதி சுபோதினியின் முகத்தில் தெரிந்தது.

நான்காம் வாரம் சிவமணி கேட்பதை நிறுத்தினார். பஹ்மிதாவிடம் மட்டும்தான் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தவரிடம், இவரைக் கண்டீர்களா என்று மெதுவாகக் கேட்டதை அவள் கேட்டாள். அவள் வருவதைக் கண்டதும் சிவமணி வாயை மூடிக்கொண்டார். அன்றைய படிவத்தில் கேள்வி பூச்சியம், அழுகை பூச்சியம். அடுத்த நாளும் பூச்சியம். சாப்பாடு பாதியானது, பிறகு கால்வாசியானது. பஹ்மிதாவின் கையால் எதையும் வாங்கமாட்டார். அவள் தட்டை வைத்துவிட்டு வெளியே போனால்தான் இரண்டு வாய் சாப்பிடுவார். அவர் தனியாகச் சாப்பிடும்போது புரையேறுமோ என்று இவள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஆறு வாரம் முடிந்ததும் பிரியந்தன் சுபோதினியோடு வந்து படிவங்களைப் புரட்டினார். மற்ற ஐந்து வீடுகளில் நான்கு குடும்பங்கள் முதல் வாரமே விலகிவிட்டிருந்தன. தாயின் படிவம்தான் ஒழுங்காக இருந்தது. பூச்சியங்களைக் கண்டு அவருடைய முகம் மலர்ந்தது. பஹ்மிதாவுக்கு நன்றி சொன்னார். பிறகு, அம்மா உங்களோடு ஒத்துப்போகிறார் இல்லை, அவருடைய நன்மைக்காக வேறு ஆள் போடப் போகிறேன் என்றார்.

அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். ஆனாலும் கேட்டாள்.

"டொக்டர், நான் வராத அண்டைக்கு அம்மா உங்களுட்ட கேட்டாங்க தானே. நீங்க ஏன் அந்த வசனத்தச் சொல்லல்ல?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுபோதினி தலை குனிந்துகொண்டாள்.

"அண்டைக்கு நான் மகனா நிண்டனான்," என்றார் பிரியந்தன்.

"அப்ப நான் யார் டொக்டர்?"

அவர் படிவங்களை இலக்கப்படி அடுக்கிக் கோவையில் போட்டார்.

புதிதாக வந்தவள் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த லவினா என்ற பெண்; தாதிப் பயிற்சி முடித்தவள். பஹ்மிதா ஒரு நாள் முழுக்க அவளோடிருந்து காட்டிக்கொடுத்தாள்: சோற்றை எவ்வளவு குழைக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், குளிக்கவைக்கும்போது முதலில் காலில் ஊற்ற வேண்டும். கடைசியில், கேட்டால் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள் என்றாள். லவினா டொக்டர் தந்த பயிற்சிக் குறிப்பை எடுத்துக் காட்டினாள். அப்படிச் சொல்லக் கூடாதாம், ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்களாம் என்றாள் மரியாதையாக.

விடைபெறப் போனபோது சிவமணி கதிரையில் இருந்தார். பஹ்மிதா வாசலிலேயே நின்றாள். கிட்டப் போனால் அவர் பயந்துவிடுவார். போயிட்டு வாறன் அம்மா என்றாள். சிவமணி புறங்கையால் கண்களை மூடிக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு மாலை சுபோதினி மட்டக்குளிக்கு வந்தாள். பஹ்மிதா விட்டுவிட்டு வந்த தொழுகைப் பாயையும் ஒரு குடையையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கட்டுரை வெளியாகிவிட்டது என்றாள். 'ஆறாம் இலக்கப் பங்கேற்பாளரிடம் கேள்வி முற்றாக அற்றுப்போனது' என்று அதில் இருக்கிறதாம். பல முதியோர் இல்லங்களில் அந்த முறையைப் பின்பற்றத் தொடங்கிவிட்டார்களாம். பிரியந்தனை ஒரு மாநாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள்.

பஹ்மிதா அம்மாவைப் பற்றிக் கேட்டாள்.

மாமி இப்போது கதைப்பதேயில்லை என்றாள் சுபோதினி. யார் உள்ளே வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். மகன் வந்தாலும் அப்படித்தான். போன ஞாயிறு மகன் நகம் வெட்டக் கையைப் பிடித்தபோது மாமியின் உடம்பெல்லாம் நடுங்கியதாம். பிரியந்தன் நகம் வெட்டியை வைத்துவிட்டு பல்கனிக்குப் போய் வெகுநேரம் நின்றாராம். அதற்குள் கீழே கடலோரத் தண்டவாளத்தில் ரயில்கள் இரண்டு போய்விட்டனவாம். உள்ளே வந்து, நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னாராம்.

சுபோதினி அழுதாள். அந்தக் கையெழுத்தை வைத்திருக்கக் கூடாது, ஒரு சொல் சொல்லி மறுத்திருக்கலாம் என்றாள். பஹ்மிதா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். எல்லோரும்தானே செய்தோம் என்றோ, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றோ ஒரு வார்த்தை.

பஹ்மிதாவுக்கு அந்த வார்த்தை வாயில் வந்தது. இத்தனை வருடம் நோயாளிகளுக்கு அவள் சொல்லி வந்தது அந்த மாதிரி வார்த்தைகள்தான்.

"நீங்க கையெழுத்து வச்சீங்க. நான் சொன்னேன்," என்றாள். "அவங்க நம்ம ரெண்டு பேரையும் நம்பி இருந்தாங்க."

தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று பஹ்மிதா சொல்லவில்லை. சுபோதினி எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கூட்டமான மாடிப்படியில் பிள்ளைகளை விலக்கி விலக்கி இறங்கிப் போனாள். பஹ்மிதா பாயை எடுத்து உதறினாள். பிறகு மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கை கால் கழுவப் போனாள்.