ஸ்கோர்போர்டில் ஒரு புள்ளி பாக்கி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் வந்தது. தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து. நீள மேசையில் எனக்கு எதிரே ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் சோயாபீன் விளைச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, இவர் கேட்டபடி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். பிறகு திரும்பவும் அதே.

ஏன் அப்படித் தட்டுகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆள் இல்லை. எதிரே ஒரு மணிநேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்து மீனைத் தின்றுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தின் இந்த மூலையில் இத்தனை வருடம் இருந்தும் யாரும் என்னைத் தப்பாக நினைத்ததில்லை. இங்கே பாதிப் பேர் அப்படித்தான்.

கேட்டிருந்தால் மூட்டுவலி என்று சொல்லியிருப்பார். கதை அங்கேயே செத்திருக்கும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன், தூக்கிப்போட மனமில்லை.

முதலாவது: "1987 இலையுதிர் காலத்தில் நாட்டிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்துத் தளங்களில் எல்லாம் ஒரு வளைகோடு முளைத்தது. கூடையிலிருந்து பத்தொன்பது அடி ஒன்பது அங்குலம். அதற்கு வெளியே நின்று எறிந்து விழுந்தால் இரண்டு புள்ளிக்குப் பதில் மூன்று." (இது அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தேவையான தகவல் முழுவதும் இதில் வந்துவிட்டது. இருக்கட்டும்.)

இரண்டாவது: "கோடு என்பது மனிதன் தன் ஆசைக்கும் அச்சத்துக்கும் நடுவே —" (போதும்.)

மூன்றாவது: "வெர்லீனின் விரலுக்கு இரண்டு வரைதான் எண்ணத் தெரியும்."

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

3

வெர்லீன் மெரிங்கர், மேசை நாற்காலித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. குளிர்காலத்தில் பெண்கள் அணியின் ஆட்டம் எங்கள் பள்ளி ஜிம்மில் நடக்கும்போதெல்லாம் ஸ்கோர்போர்டை இயக்குகிறவள் அவள்தான். பழைய பெட்டி அது. ஒரு அணிக்கு ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் ஒரு புள்ளி ஏறும். பந்து கூடையில் விழுந்தால் டொக் டொக். பத்து வருடத்துக்கு மேலாக டொக் டொக். உள்ளூர் அணியின் பொத்தான் கொஞ்சம் இறுக்கம். லேசாகத் தொட்டால் ஏறாது.

அவள் கணவர் ஆர்வில்தான் அணியின் கோச்.* பந்து நாலு கை மாறாமல் கூடைக்குப் போகக்கூடாது என்பது அவர் சட்டம். மீறி யாராவது தூரத்திலிருந்து எறிந்தால் விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, பெஞ்சுதான்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின்போது நடுவர் முகத்தைப் பார்க்க மாட்டார். முன்பு பார்ப்பார், பார்த்தால் பேசுவார், பேசினால் தண்டனையாக எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காத இலவச எறி, கிடைக்கும். ஒரு வருடம் அதனாலேயே தோற்றபிறகு வெர்லீன் சொல்லிவிட்டாள்.

"இனிமே அந்த ஆளைப் பாக்காத. போர்டைப் பாரு. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன்."

அன்றிலிருந்து ஆர்விலைப் பொறுத்தவரை, நடந்தது என்றால் போர்டில் ஏறியது மட்டும்தான். அவள் அழுத்தாத எதுவும் அவருக்கு நடக்கவில்லை.

* கோச்சை 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன். இந்த ஊரில் குடியிருந்துகொண்டு அது முடியாது.

4

இப்போது சபதம். சபதம் இல்லாத கோச்சை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். இப்படிச் சபதம் போடுகிற ஒருவர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். பிறகு டாட்டியின் உணவுக்கடையில் ஒரு சனிக்கிழமைக் காலை உட்கார்ந்தேன். சந்தேகம் போய்விட்டது.

முந்தின இரவு ஆட்டத்தை அங்கே மேசைமேல் மறுபடி ஆடுவார்கள். உப்புப் புட்டி ஒரு ஆள், மிளகுப் புட்டி ஒரு ஆள். ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை ஒருவர் கெட்சப் பாட்டிலை மேசை விளிம்புவரை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"கோச், இவ அங்கேருந்து எறிஞ்சா மூணாமே. என்ன பண்ணப் போறீங்க?"

"தூரத்துக்குத் தனிக் கூலியா? அப்ப கார் நிறுத்துற எடத்துலேருந்து எறிஞ்சா பத்து குடுப்பியா?"

"சட்டம் வந்துருச்சே."

"ஒரு வருஷம். அடுத்த வருஷம் தூக்கிருவானுங்க. அந்தக் கோட்டுக்குப் பெயிண்டுகூட அடிக்கல. நானே நாடா ஒட்டிருக்கேன். பெயிண்டு, நெலைக்கிற சமாச்சாரத்துக்கு."

"எதுக்கு மழுப்புறீங்க. உங்க பொண்ணு ஒருத்தி எறிஞ்சு, அதாலயே ஜெயிச்சுட்டா?"

ஆர்வில் முட்டையைத் தின்று முடித்தார். வாயைத் துடைத்தார்.

"அந்த மூணு புள்ளி எறியால என் அணி ஒரு ஆட்டம் ஜெயிச்சா, அன்னிக்கே விசிலைக் கழட்டி இந்தப் பாட்டில் கழுத்துல மாட்டிருவேன். அப்புறம் அந்த ஜிம்முக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

டாட்டி அந்தப் பாட்டிலைத் துடைத்து, கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் வைத்தாள். குளிர்காலம் முழுவதும் அது அங்கே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று யாரும் வற்புறுத்துவதில்லை. ஞாபகம் மட்டும் வைத்திருப்பார்கள். அது அதைவிட மோசம்.

5

(இந்த இடத்தில் ரோண்டா வர வேண்டும். அவளைக் குட்டையாக எழுதினேன், நெட்டையாக எழுதினேன், கடைசியில் குட்டையாகவே விட்டேன்.)

ரோண்டா கெஸ்லர் வீட்டில் கூடை, பன்றிக் கொட்டகைச் சுவரில் அடித்திருந்தது. கூடைக்கு நேர் கீழே சேறும் சாணமும். காய்ந்த சிமெண்டுத் தரை வெகு தள்ளித்தான். அங்கே நின்று எறிந்து பழகினாள். விழாமல் போனால் பந்தைப் பன்றிகளிடமிருந்து மீட்க வேண்டும். அதனால் விழும்படியே எறிந்தாள். இதில் லட்சியம், கனவு எதுவும் கிடையாது. செருப்பு அழுக்காகக் கூடாது, அவ்வளவுதான்.

"கெஸ்லர், அங்க நின்னுகிட்டு என்ன பண்ற?"

"இங்கதான் எடம் இருக்கு, கோச்."

"உள்ள வா."

"உள்ள எல்லாரும் நெட்டையா இருக்காங்க."

பெஞ்சு. குளிர்காலத்தில் பாதியை ரோண்டா அங்கேதான் கழித்தாள். அந்தப் பெஞ்சின் முனையும் வெர்லீனின் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில். ஆட்டம் நடக்கையில் இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து சோளப்பொரி தின்றார்கள். பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

6

வெர்லீனுக்கு என்ன வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் நான் பல நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஃப்ளோரிடாவில் அவள் அக்கா இருக்கிறாள். ஒவ்வொரு ஜனவரியும் போன் வரும். "ஏண்டி, இங்க வெறுங்காலோட நடக்குறேன். வாயேன்." ஜனவரியில் எப்படிப் போவது? ஜனவரி என்றால் ஆட்டம். விலைச்சீட்டு கிழிக்காத நீச்சலுடை ஒன்று அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. ஆர்வில் விசிலைக் கழட்டினால் போகலாம்.

நல்லது. அப்படியென்றால் அவள் ஆசைப்படுவது அந்தச் சபதம் பலிப்பதைத்தான் என்று எழுதிவிட்டு, அடுத்த நாள் அடித்துவிட்டேன். காரணம், கோடைகால ஆர்வில். விசில் இல்லாத மூன்று மாதத்தில் அந்த மனிதர் வீட்டுக்குள் சுற்றுவார். ஜூலையில் அவளுடைய மசாலா டப்பாக்களை அகரவரிசைப்படி அடுக்கி வைத்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேசமாட்டார், அதுதான். வருடம் பூராவும் அவர் மனைவியோடு மனம்விட்டுப் பேசுவது ஆட்டம் முடிந்து காரில் வீடு திரும்பும் நேரத்தில் மட்டும். ஹீட்டர் சூடாவதற்குள் தொடங்குவார். எந்தப் பெண் பயந்தாள், எவள் அழுகையை அடக்கினாள், தனக்கு எங்கே புத்தி பிசகியது, எல்லாம் வரும். வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகும் சில சமயம் இறங்காமல் பேசிக்கொண்டிருப்பார்கள். விசில் போனால் அந்தக் கார்ப் பயணமும் போகும்.

எனக்கு அது புரிகிறது. வருடத்தில் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

ஆனாலும் வேலை என்றால் அவளுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்று புள்ளி வந்துவிட்டது. விரலுக்குப் பழக்க வேண்டும். சமையலறை மேசையில் தினமும் காலையில் பழகினாள். டொக் டொக் — டொக். விரல் இரண்டோடு நின்றுவிடும். மூன்றாவதை ஞாபகப்படுத்தி இறக்க வேண்டும்.

"என்னத்தத் தட்டிக்கிட்டே இருக்க?"

"ஒண்ணுமில்ல. விரல் மரத்துப்போகுது."

ஒரு நாள் டொக் டொக் என்று தட்டியவள் யோசனையில் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ஆர்வில் விரித்திருந்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, கரண்டியால் காப்பிக் கோப்பையில் ஒரு சத்தம் வந்தது.

டொக்.

தாள் இறங்கவில்லை. கேலியா, சம்மதமா, கரண்டி தவறிப் பட்டதா? அவள் கேட்கவில்லை. (நானும் கேட்டிருக்க மாட்டேன்.)

7

ஆட்டம். பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். எதிரே ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள். அவர்களிடம் எங்கள் பெண்கள் தோற்றுத் தோற்று, எங்கள் பலசரக்குக் கடையில்கூட அவர்கள் எங்களைப் பார்த்துப் பாவமாகச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

41–43. கடைசிச் சில வினாடிகள். பின்தங்கியிருப்பது நாங்கள். ஐந்தாவது ஃபவுலோடு விதிப்படி ஒருத்தி ஆட்டத்தைவிட்டு வெளியேற, வேறு வழியில்லாமல் ஆர்வில் பெஞ்சைப் பார்த்தார்.

"கெஸ்லர். போ. எறியாத."

"சரி கோச்."

"என்ன சொன்னேன்?"

"எறியாதன்னு."

ரோண்டா சோளப்பொரிக் கையை அரைக்கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனாள். பந்து கை மாறியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கை ரோண்டா. நாலாவது கையாக வேண்டிய நெட்டைப் பெண்ணை உள்ளே இரண்டு பேர் மறித்துக்கொண்டு நின்றார்கள். ரோண்டாவின் முன்னால் நாடா. நாடாவுக்கு வெளிப்பக்கம் அவள். காய்ந்த தரை.

எறிந்தாள். பந்து மேலே இருக்கும்போதே ஆட்டம் முடிகிற மணி அலறியது. விழுந்தது.

நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். மூன்று என்று அர்த்தம். ஆர்வில் நடுவரைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தார்.

டொக் டொக்.

43–43.

8

இந்த இடம்வரை எழுதியதைப் பக்கத்து வீட்டு கில்லிடம் கொடுத்தேன். நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து திருப்பிக் கொடுத்தார்.

"போர்டுல என்னப்பா இருக்கு? அது விளக்கு. மேசையில ஒருத்தர் ஸ்கோர் புத்தகம் எழுதுறாரே, அதான் கணக்கு. அவ அழுத்துனாலும் அழுத்தலன்னாலும் ஆட்டம் ஜெயிச்சாச்சு."

ஆறு வாரத்து உச்சக்கட்டம் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நடுவர் கைய மட்டும் சரியா தூக்க வெச்சிருக்க. அது யாரு, நானா?"

"ஆமா கில்."

"அந்த ஆட்டத்துல நான் இல்லையே."

"அந்த ஆட்டமே இல்ல கில்."

கில் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்படின்னா வயித்தக் கொறச்சு எழுது."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். கில் சொல்வது சரி. அவள் விரலால் வெற்றியை மாற்ற முடியாது. ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது: ஆர்வில் போர்டைத்தான் பார்க்கிறார். என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்வது அவள் என்பது ஒப்பந்தம்.

9

கொஞ்சம் முடிவுகள்.

அ. நாடா. ரோண்டாவின் ஷூவில் ஒட்டிப் பிய்ந்து வந்துவிடுகிறது. கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு புள்ளிதான் என்று தீர்ப்பு. யாருக்கும் நோகாது. எழுதியவனின் கோழைத்தனம் மட்டும் தெரியும். அடித்துவிட்டேன்.

ஆ. ஃப்ளோரிடா. வெர்லீன் கடற்கரையில் நீச்சலுடையில், ஆர்வில் பக்கத்தில் குடையின் கீழ், மணலில் சிப்பிகளை அகரவரிசைப்படி — (சிப்பிக்கு அகரவரிசை எப்படி? விட்டுவிட்டேன்.)

இ. ஆர்வில் சிரித்துக்கொண்டே விசிலைக் கழட்டுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. அந்த ஆர்வில் யாரென்று எனக்குத் தெரியாது.

10

ஆகவே திரும்ப அந்த 43–43க்கு வருகிறேன். அங்கேதான் எல்லாரும் நிற்கிறார்கள். நான் காக்க வைத்திருக்கிறேன்.

ஜிம் அலறுகிறது. சமன் என்று படித்துக்கொண்ட ஆர்வில், கூடுதல் நேரத்துக்காகப் பெண்களைக் கைகாட்டிக் கூப்பிடுகிறார். ரோண்டாவைப் பார்த்ததும் அந்தக் கை பெஞ்சுப் பக்கம் திரும்புகிறது.

"என்ன சொன்னேன் உங்கிட்ட? உக்காரு."

ரோண்டா திரும்புகிறாள். எறிந்த கை இன்னும் பாதி உயரத்தில் நிற்க, பெஞ்சை நோக்கி வருகிறாள். ஊருக்கே ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவள், தண்டனைக்கு நடந்து வருகிறாள். வந்து, வெர்லீனுக்குப் பக்கத்தில், தன் வழக்கமான முனையில் உட்காருகிறாள். போர்டைப் பார்க்கிறாள். பிறகு வெர்லீனின் விரலைப் பார்க்கிறாள்.

ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவர் சாய்ந்து சொல்கிறார். "வெர்லீன். மூணு."

"தெரியும்."

அழுத்தினால், அந்தப் பெண் எழுந்து நிற்கலாம். அழுத்தினால், அலமாரியில் பாட்டில் காத்திருக்கிறது. இன்றைய கார்ப் பயணம் கடைசி. அழுத்தாவிட்டால், இன்னும் அரை நிமிடத்தில் யாராவது அந்நியன் போய் அவர் தோளைத் தொட்டுச் சொல்லுவான். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல்முறையாக, நடந்ததை வேறொருவர் அவரிடம் சொல்லியிருப்பார்.

இப்போது ஆர்விலும் எதையோ உணர்கிறார். கூடுதல் நேரத்துக்கு ஊர் இப்படி ஆடாது. போர்டை மறுபடி பார்க்கிறார். பிறகு, நடுவரை அல்ல, மேசையைப் பார்க்கிறார். அவளை. கையில் சுருட்டிப் பிடித்திருந்த ஆட்டக் குறிப்புத் தாள்மேல் அவருடைய விரல் —

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். 'அசைந்தது' என்றும் எழுதினேன், 'அசையவில்லை' என்றும் எழுதினேன். இரண்டுமே உண்மை மாதிரி இருந்தது. அதனால் இரண்டையும் நம்பவில்லை. மீன் விருந்தில் அந்தப் பெண்மணியிடம் கேட்காமல் வந்தவன் நான். கேட்கத் தெரியாதவன் பதிலை மட்டும் எப்படி எழுதுவது?

எழுந்துகொள்கிறேன். நாற்காலி உங்களுக்கு. விரலை வெர்லீன் வைத்திருந்த இடத்திலேயே வையுங்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள்: அந்தப் பொத்தான் இறுக்கம். தற்செயலாகப் பட்டால் ஏறாது.