ஹஜ்ரத்துக்கு ஓதிக்கொடுத்தவர்

பள்ளிவாசலின் நூற்றாண்டு மலரை எழுதித் தரும்படி ஜமாஅத் செயலாளர் ரசாக் கேட்டபோது ஹாஜராவுக்கு மறுக்கத் தோன்றவில்லை. ரசாக் அவளுடைய அத்தாவின் தம்பி. ஊர், ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் அவள் பிறந்து வளர்ந்த ஊர். சேலத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்திக்கொண்டே ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தாள்.

முதல் இமாம் மீரான் ஹஜ்ரத்தின் பேரன் தந்த பழைய நோட்டில் ஊரில் யாரும் சொல்லாத ஒரு பெயர் இருந்தது. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. யார் யாரிடம் எதை ஓதினேன் என்று ஹஜ்ரத் வரிசையாகக் குறித்திருந்தார். ‘ஹதீஸ் கிதாபு முழுவதும் ஓதிக்கொடுத்தது நெசவு வீட்டு ஜுலைகாம்மாள். அவர்களுக்கு ஓதிக்கொடுத்தது அவர்களுடைய தகப்பனார்.’ ஊரே கொண்டாடும் ஹஜ்ரத்துக்கு நபிமொழி ஓதிக்கொடுத்த உஸ்தாத் ஒரு பெண்!

விசாரித்ததில் ஜுலைகாம்மாள் வம்சத்தில் சபூரா என்பவள் மட்டும் ஊரில் இருந்தாள். விசைத்தறி வேலைக்குப் போகிறவள்.

"எங்க கொள்ளுப்பாட்டிங்களா? பேரு தெரியுங்க. ஓதிக்கொடுத்ததெல்லாம் யாரும் சொன்னதில்லை," என்றவள் சற்று யோசித்துக் கேட்டாள்: "புஸ்தகத்துல வருமாங்கக்கா?"

"வரும்," என்று சொல்லிவிட்டாள் ஹாஜரா.

அச்சுக்குப் போகிற சமயத்தில், அஸ்தம்பட்டி அச்சகத்தில் பக்கம் அமைக்கும் சௌமியா போன் செய்தாள். "மேடம், பதினேழாம் பக்கத்துல ஒரு வரியை மாத்தச் சொல்லியிருக்காங்க. உங்களுக்குத் தெரியுங்களா?"

‘நெசவு வீட்டு ஜுலைகாம்மாள்’ என்றிருந்த இடத்தில் ‘ஊர்ப் பெரியவர் ஒருவர்’ என்று வந்திருந்தது.

ஹாஜரா நேரே ரசாக் வீட்டுக்குப் போனாள்.

"பொய் எதுவும் எழுதலையே கண்ணு. அந்தம்மாவும் பெரியவங்கதானே?" என்றார் அவர்.

"நபியோட மனைவி ஆயிஷா நாயகி அறிவிச்ச ஹதீஸுன்னு பேர் சொல்லித்தானே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல பயான் பண்றாங்க? இவங்க பேரைச் சொன்னா மட்டும் என்னங்க சின்னத்தா?"

"அவங்க எங்க, இவங்க எங்க! விழாவுக்கு வெளியூர்லருந்து பெரிய பெரிய ஓதினவங்க, ஆலிம்சாக்கள் வாராங்க. நம்ம ஹஜ்ரத் ஒரு பொம்பளைகிட்ட ஓதினவருன்னு அவங்க படிக்கோணுமா? கமிட்டியில பேசி முடிச்சாச்சு. உம்பேரு அட்டையிலயே வருது. உனக்கென்ன குறை?"

"அந்த வரி அப்படித்தான் போகும்னா எம்பேரை எடுத்துருங்க."

இப்படிச் சொன்னால் இறங்கி வருவார் என்று நினைத்தாள். அவரோ, "உன் இஷ்டம்," என்று எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. ஒருத்தியின் பெயரை அவர்கள் எடுத்தார்கள். இன்னொருத்தியின் பெயரை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

விழாவன்று பெண்கள் பகுதிக்கு சபூரா இரண்டு மகள்களோடு வந்திருந்தாள். மூவருக்கும் புதுத்துணி. மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கங்கக்கா?" என்றாள்.

ஹாஜரா பதினேழாம் பக்கத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். சபூரா திட்டியிருந்தால்கூடத் தேவலை. மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஆண்கள் பகுதியை மறைத்துக் கட்டிய திரையையே பார்த்தபடி இருந்தாள்.

ஹாஜராவால் அதைத் தாங்க முடியவில்லை. போனில் எடுத்து வைத்திருந்த நோட்டின் படங்களைத் திறந்து, சபூராவுக்குக் கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த பெண்கள் நகர்ந்து வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் சத்தமாப் படி புள்ள," என்றாள் ஒருத்தி. படித்தாள். திரைக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். ஒலிபெருக்கியில் ரசாக்கின் குரல் வந்தது: "பெண்கள் பகுதியில் அமைதி காக்கவும்."

நோட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை ஹாஜரா நிறுத்தவில்லை.

மறுவாரம் ஹஜ்ரத்தின் பேரன் வந்து நோட்டைத் திருப்பி வாங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதே இல்லை. ரசாக்கும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். ஹாஜராவிடம் இருப்பவை ஒன்பது படங்கள். இரண்டில் எழுத்துக் கலங்கியிருக்கிறது. அவற்றை வைத்து ஒரு கட்டுரை எழுதி, தன் பெயரைப் போட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். மூல நோட்டு எங்கே, மற்றவர்கள் அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு மாதமாக அதற்குப் பதில் எழுத முடியவில்லை.

கட்டுரை அனுப்பியது தெரிந்த சபூரா மட்டும் தறி வேலை முடிந்ததும் அவ்வப்போது போனில் கூப்பிடுகிறாள்.

"வந்துருச்சுங்களாக்கா?"