வணிக மண்டலத்தில் ஒரு ஜன்னல்

காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். இரண்டு குடம் பிடிப்பேன், டீ போடுவேன், கிரைண்டரைத் துடைத்து மறுபடி துணியால் மூடுவேன். நான்கு மாதங்களாக அதில் யாரும் மாவு அரைக்கவில்லை.

என் மனைவி ஜெபசெல்வி, தாராவியில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக இட்லி மாவு விற்றாள். அதைக் கடையாகப் பதிந்து தரச் சொல்லி மூன்று முறை மனுக் கொடுத்தாள். இது குடியிருப்புப் பகுதி, கடைக்கு அனுமதியில்லை என்றார்கள். அவள் இறந்த மறுமாதம், தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தின் வரைபடம் மாறி, எங்கள் தெரு வணிக மண்டலமாகிவிட்டது. இப்போது கடை நடத்துபவர்களுக்கு இங்கேயே இடம் தருவார்கள். வெறும் வீடென்றால் ஊர்க்கோடியில் குப்பைமேட்டுப் பக்கம் இருக்கும் தேவ்நாருக்குப் போக வேண்டும்.

இன்று வீடு, கடை கணக்கெடுக்க வந்தவர் பக்கத்து மாட்டுங்காவில் குடியிருக்கும் சுப்ரமணியன். மூன்று மனுவையும் நிராகரித்த அதே அதிகாரி.

"ஜன்னல் நன்னா அகலமா இருக்கே! கடைக்குன்னே வெச்ச மாதிரி," என்று மெச்சினார். "கடை நடக்கறதா, மூடியாச்சா? ஒண்ணைச் சொல்லுங்கோ."

பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அக்கா என் முதுகில் இடித்தாள். "நடக்குன்னு சொல்லு தம்பி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சியில் ஏறும்போது, தூக்குவாளியோடு ஜன்னலருகே நின்ற ஒருத்தியைக் காட்டி ஜெபசெல்வி என்னிடம் கடைசியாகச் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"இன்னைக்கு மாவு இல்லன்னு சொல்லிருங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க."